தகட்டில் இருப்பதும் இடத்தில் இருப்பதும்: வெடிப்புக் காப்புக் கருவிகளின் தகுதி

நெகிரி செம்பிலானில் கோலா சாவா, ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் நின்ற நிலத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பயிரோடு சேர்ந்து தோட்டப்புறத்தின் ஆபத்துகளும் உருமாறிவிட்டன. ரப்பர்ப் பால் உறையாமலிருக்கச் சேர்க்கப்பட்ட அம்மோனியா மூக்கைத் துளைத்துத் தன் இருப்பைச் சொல்லிவிடும். காற்றில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை எட்டினால்தான் அது தீப்பற்றும் என்பதால், அந்த அளவு சேர்வதற்கு வெகு முன்பே மனிதர் அவ்விடத்தை விட்டு ஓடியிருப்பார். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்திலிருந்து எழும் மீத்தேனோ மணமற்றது. காற்றில் ஏறத்தாழ 5 விழுக்காடு கலந்தாலே ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்வது.

நீராவியில் வெந்த செம்பனைக் குலைகளைப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பழுப்புநிறக் கழிவுநீர், 80 பாகைக்கு மேற்பட்ட சூட்டோடு குளத்திற்குப் போய், அங்கே காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்களால் சிதைக்கப்படும்போது, ஒரு டன் கழிவுநீருக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிர்வாயு உருவாகிறது. குளம் திறந்து கிடந்த காலத்தில் இவ்வாயு வானத்தில் கலந்து சூழலைக் கெடுத்தது. ஆனால் ஓரிடத்தில் தேங்கவில்லை. புதிதாகக் கட்டப்படும் ஆலைகளும் உற்பத்தித் திறனைக் கூட்ட விண்ணப்பிக்கும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் 2014 சனவரி 1 முதல் விதித்தபின், நாட்டின் பல ஆலைகளில் குளங்கள் தடித்த நெகிழிப் போர்வைக்குள் வந்தன. வாயு குழாயேறி, ஊதுவிசிறியைக் கடந்து, மின்னாக்கி எந்திரத்திற்கோ எரிகுழலுக்கோ செல்லத் தொடங்கியது. சூழலுக்கு நன்மை செய்த இந்த ஏற்பாடு, அதுவரை போர்ட்டிக்சன் கடற்கரை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பொறியாளர்கள் மட்டுமே 1960களிலிருந்து கேட்டுவந்த ஒரு கேள்வியைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது: எரியக்கூடிய வாயு கசியலாம் என்று தெரிந்த இடத்தில் ஒரு மோட்டாரையோ விளக்கையோ சுவிட்சையோ பொருத்தலாமா, பொருத்தியது இன்றும் அங்கே இருக்கத் தக்கதா?

இக்கேள்விக்கு விடையாக வழக்கமாக நீட்டப்படுவது ஒரு சான்றிதழ். வெடிப்புக் காப்புக் கருவி என்பது தன்னைச் சுற்றிலும் எரிவாயு கலந்த காற்று இருந்தாலும் அதைப் பற்றவைக்காதபடி வடிவமைக்கப்பட்டு, ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, தகடு பொருத்தப்பட்ட கருவி. அத்தகடும் அதன் பின்னாலுள்ள சான்றிதழும் மெய்யானவையாகவே இருந்தாலும், அவை கருவி பிறந்த நாளின் நிலையை மட்டுமே சொல்கின்றன. எந்த வாயுவுக்கு, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் வாயு நிற்கும் இடத்தில், யார் கையால் பொருத்தப்பட்டு, எப்படிப் பேணப்பட்டு என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்தபின் உருவாகும் உறவுதான் தகுதி. அது கருவிக்குள் மட்டும் இருக்கும் பண்பன்று.

ஆகவே மதிப்பீடு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஐ.இ.சி. எனப்படும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60079 வரிசைத் தரநிலைகள், மலேசியாவில் எம்.எஸ். ஐ.இ.சி. என்ற பெயரில் ஏற்கப்பட்டவை, அபாயப் பகுதியை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. வெடிக்கும் கலவை தொடர்ந்தோ நெடுநேரமோ இருக்கும் இடம் மண்டலம் 0. வழக்கமான இயக்கத்திலேயே அவ்வப்போது அது உருவாகக்கூடிய இடம் மண்டலம் 1. வழக்கமாக உருவாகாது, உருவானாலும் சிறிது நேரமே நிலைக்கும் என்ற இடம் மண்டலம் 2. தூசிக்கு இதே முறையில் 20, 21, 22 என்ற மண்டலங்கள் உண்டு.

காகிதத்தில் எளிமையாகத் தெரியும் இந்தப் பிரிவினை குளத்தருகே வந்ததும் சிக்கலாகிறது. போர்வைக்கு அடியில் வாயு மிகச் செறிவாக இருப்பதால் அங்கே எரிவதற்குப் போதிய காற்று இல்லை. ஆனால் போர்வை கிழிந்தாலோ, குழாயில் உறிஞ்சழுத்தம் மிஞ்சிக் காற்று உள்ளே இழுக்கப்பட்டாலோ, கந்தகத்தை நீக்குவதற்காக வேண்டுமென்றே செலுத்தப்படும் காற்றின் அளவு கூடிவிட்டாலோ கலவை வெடிக்கும் எல்லைக்குள் வந்துவிடும். குழாயில் குளிர்ந்து படியும் நீரை வடிக்கும் குழி, அதன் நீரடைப்பு வற்றிய நாளில், வாயு வெளியேறும் வாயாகிறது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்பது பணியாளர்களிடம் ஆழப் பதிந்துள்ள நம்பிக்கை. தூய மீத்தேனுக்கு அது சரிதான். உயிர்வாயுவிலோ ஐந்தில் இரண்டு பங்களவுக்குக் கரியமில வாயு கலந்திருப்பதால் மொத்தக் கலவையின் அடர்த்தி காற்றின் அடர்த்தியை நெருங்கிவிடுகிறது. ஆகவே அது விருட்டென்று மேலெழாமல் கசிந்த மட்டத்திலேயே சுற்றித் திரியக்கூடும். வாயு உணர்கருவியைக் கூரையடியில் மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது இந்த ஒரு காரணத்தாலேயே தவறாகிவிடும்.

மண்டலத்தைத் தீர்மானிப்பதில் தூரத்தைவிடக் காற்றோட்டத்துக்கே பெரும்பங்கு. நாலாபுறமும் திறந்த கொட்டகையில் நின்ற ஊதுவிசிறியை, இரைச்சல் தாங்காமல் சுவர் எழுப்பி மூடிவிட்டால், நேற்றுவரை மண்டலம் 2 ஆக இருந்த இடம் இன்று மண்டலம் 1 ஆகலாம். சுவர் எழுப்பிய கொத்தனாருக்கும் அதற்குப் பணம் ஒதுக்கிய அலுவலகத்துக்கும் அது தெரிய வழியில்லை; உள்ளே இருக்கும் மோட்டாரில் ஒரு திருகாணிகூட மாறியிருக்காது, ஆனால் அதன் தகுதி போயிருக்கும்.

இடம் தெரிந்தபின் கருவியின் காப்புமுறை ஆராயப்படுகிறது. தோட்டத்து மின்பணியாளர் பேச்சில் எல்லாக் காப்புக் கருவியும் ‘பிளேம்ப்ரூஃப்’தான், உண்மையில் அது பல முறைகளுள் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கெல்சென்கிர்ஷன் நிலக்கரிப் பகுதியில் கார்ல் பைலிங் நடத்திய சோதனைகளிலிருந்து வளர்ந்த இம்முறை, வாயு உள்ளே புகுவதைத் தடுக்க முயல்வதே இல்லை. வாயு புகும், உள்ளே வெடிக்கவும் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, அந்த வெடிப்பைத் தாங்கும் வலிமையான உறையை அமைத்து, உறையின் உடலுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள மிக ஒடுங்கிய இடைவெளி வழியே வெளியேறும் சுடர் குளிர்ந்து அணைந்துவிடும்படி செய்கிறது. எவ்வளவு ஒடுங்கிய இடைவெளி என்பது வாயுவைப் பொறுத்தது: ஆய்வகச் சோதனையில் மீத்தேன் சுடர் 1.14 மில்லிமீட்டர் இடைவெளியில் நின்றுவிடுகிறது, எத்திலீனுக்கு அது 0.65, ஹைட்ரஜனுக்கு 0.29. இந்த வரிசைப்படியே வாயுக்கள் 2ஏ, 2பி, 2சி என்று குழுவாக்கப்பட்டுள்ளன; 2சி குழுவுக்குச் சோதிக்கப்பட்ட கருவியை மற்ற இரண்டிலும் பயன்படுத்தலாம், மறுதலையாகச் செய்யக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தத்துவம் உடையது உள்ளார்ந்த பாதுகாப்பு என்ற முறை. வேல்சில் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14 அன்று நிகழ்ந்த வெடிப்பில் 439 தொழிலாளரும் மீட்கச் சென்ற ஒருவரும் இறந்தனர். காரணம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்றாலும், சுரங்கத்தில் மணியடித்துச் சைகை தரும் மின்கம்பியின் பொறிமீது சந்தேகம் விழுந்தது. பேட்டரியின் மின்னழுத்தம் தாழ்வாக இருந்தால் ஆபத்தில்லை என்று அதுவரை கருதப்பட்டிருந்தது. மணியின் கம்பிச்சுருளில் சேமிக்கப்படும் ஆற்றல், சுற்றைத் துண்டிக்கும் கணத்தில் பொறியாக வெளிப்பட்டு மீத்தேனைப் பற்றவைக்கப் போதுமானது என்பதை வீலர், தார்ன்டன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. மீத்தேன் கலவையைப் பற்றவைக்கத் தேவைப்படுவது ஏறத்தாழ 0.28 மில்லிஜூல்தான், உலர்ந்த நாளில் மனித உடலில் சேரும் நிலைமின்சாரமே அதை மிஞ்சிவிடும். சுற்று எந்தப் பழுதிலும் அந்த அளவை எட்டாதபடி அதன் ஆற்றலையே கட்டுப்படுத்திவைப்பதுதான் இம்முறை; அளவுமானிகளும் உணர்கருவிகளும் கையடக்க வாயுக் கண்டறிகருவிகளும் பெரும்பாலும் இதன்படியே செய்யப்படுகின்றன. பொறியே எழாதபடி இணைப்புகளைக் கூடுதல் உறுதியோடு அமைத்தல், உறைக்குள் தூய காற்றை அழுத்தத்தோடு நிரப்பிவைத்தல், பகுதிகளைப் பிசினில் புதைத்தல் என்று வேறு முறைகளும் உண்டு.

இவையெல்லாம் கருவியின் தகட்டில் சுருக்கெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ‘எக்ஸ் டிபி 2பி டி4 ஜிபி’ என்று ஒரு மோட்டாரில் இருந்தால், எக்ஸ் என்பது வெடிப்புக் காப்பின் பொதுக்குறி, டிபி என்பது சுடரடக்கும் உறைமுறை, 2பி வாயுக் குழு, ஜிபி என்பது மண்டலம் 1இலும் 2இலும் வைக்கத்தக்க காப்பு மட்டம். டி4 என்பதுதான் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் குறி. வாயு பற்றிக்கொள்ளப் பொறி இருந்தாக வேண்டும் என்பதில்லை, சூடான பரப்பே போதும் என்பதால், கருவியின் பரப்பு எட்டக்கூடிய உச்ச வெப்பநிலை டி1 முதல் டி6 வரை வகுக்கப்பட்டுள்ளது: டி1 என்றால் 450 பாகை செல்சியஸ், டி3 என்றால் 200, டி4 என்றால் 135, டி6 என்றால் 85.

செம்பனை ஆலையின் வாயுவுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தால் மதிப்பீட்டின் நுணுக்கம் விளங்கும். மீத்தேன் 500 பாகைக்கு மேல் சூடான பரப்பில்தான் தானே பற்றும். ஆகவே மீத்தேன் மட்டுமே கணக்கென்றால் 2ஏ, டி1 என்ற மிகத் தளர்வான குறியே போதும், கருவியும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சுத்திகரிக்கப்படாத உயிர்வாயுவில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கிறது; தனியே எடுத்துக்கொண்டால் அது 2பி குழுவில், ஏறத்தாழ 260 பாகையிலேயே பற்றக்கூடிய டி3 வகுப்பில் சேர்வது. கலவையில் அதன் பங்கு சிறிது என்பதால் மீத்தேனின் குறியே போதும் என்று வாதிடுவோரும் உள்ளனர். ஆனால் கந்தகம் நீக்கும் பிரிவு நின்றுபோகும் நாளையும், அவ்வாயு தனியே தேங்கக்கூடிய குழிகளையும் கருதும்போது, 2பி, டி3 என்று கேட்டு வாங்குவதே அறிவுடைமை. விலை வேறுபாடு ஒருமுறைச் செலவு. ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் கரும்பூச்சுப் படியச்செய்து அரித்துவிடும். இணைப்புகள் தளர்ந்து சூடேறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கூடவே, மிகுந்த செறிவில் அது மூக்கின் உணர்வை மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால், நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவது உயிருக்கே உலைவைக்கும்.

வெப்பநிலை வகுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. தகட்டில் வேறு எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், கருவி கழித்தல் 20 முதல் 40 பாகை வரையான சுற்றுப்புறத்துக்கே சோதிக்கப்பட்டது என்று பொருள். நெகிரி செம்பிலானின் நண்பகல் நிழலில் 40 பாகை வருவதில்லை. ஆனால் தகரக் கூரைக்கு அடியில், மின்னாக்கி எந்திரத்துக்குப் பக்கத்தில், சுவரால் மூடப்பட்ட ஊதுவிசிறி அறையில் அந்த எல்லை எளிதில் தாண்டப்படும். அப்போது தகட்டின் டி4 என்ற சொல் வெறும் எழுத்து. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பின்னாளில் சேர்த்தாலும் இதே சிக்கல்தான்: வேகம் குறையும்போது மோட்டாரின் முதுகிலுள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றி, உடல் சூடேறும். அச்சேர்க்கையைச் சான்றிதழ் அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் செய்யக் கூடாது. சான்றிதழ் எண்ணின் இறுதியில் ‘எக்ஸ்’ (X) என்ற ஒற்றை எழுத்து தனியே நின்றால், அது அலங்காரமன்று. இக்கருவிக்குச் சிறப்பு நிபந்தனைகள் உண்டு, சான்றிதழைப் படிக்காமல் பொருத்தாதே என்ற எச்சரிக்கை. ஐ.இ.சி.எக்ஸ். என்ற பன்னாட்டுத் திட்டத்தின் சான்றிதழ்களை அதன் இணையத் தளத்திலேயே எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். விற்பனையாளர் தரும் நகலை மட்டும் நம்பிக் கோப்பில் வைப்பதற்கு இன்று காரணமே இல்லை.

பொருத்துவதில் நேரும் பிழைகளே எண்ணிக்கையில் மிகுதி. பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய சுடரடக்கும் பெட்டியில் கேபிள் நுழையும் இடத்தில் சாதாரண கிளாண்டைப் பூட்டினால், பெட்டி முழுவதும் சாதாரணப் பெட்டியாகிவிடும். பயன்படுத்தாத துளையைச் சான்றுபெற்ற அடைப்பானால் மூடாமல் நெகிழி மூடியால் மூடுவது, மூடியின் எட்டுப் போல்ட்டுகளில் ஒன்று தொலைந்ததும் ஏழோடு ஓட்டுவது, கழற்றிய போல்ட்டுக்குப் பதில் கையில் கிடைத்த வேறு வலிமையுள்ள போல்ட்டை முடுக்குவது, துரு வராமலிருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், உடலும் மூடியும் சேரும் ஒடுங்கிய இடைவெளியான சுடர்ப்பாதைமீதே சாயம் பூசுவது ஆகியவை நாள்தோறும் நடப்பவை. இணைப்பின் விளிம்புக்கு எதிரே குழாயோ சுவரோ மிக அருகில் இருந்தாலும் வெளியேறும் சூடான வாயு குளிர முடியாமல் போகும்; விளிம்பு வகை இணைப்புக்கு 2ஏ குழுவில் 10 மில்லிமீட்டரும், 2பியில் 30ம், 2சியில் 40ம் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. வெப்பமண்டலத் தோட்டங்களுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு: தளர்ந்த கிளாண்டு வழியே எறும்பும் பல்லியும் இணைப்புப் பெட்டிக்குள் குடியேறி, முனையங்களுக்கிடையே மண்ணும் எச்சமும் சேர்த்து, ஈரம் பட்டதும் மின்கசிவுக்கு வழிசெய்துவிடும்.

இவற்றைக் கண்டுபிடிக்கவே 60079 வரிசையின் 17ஆம் பகுதி பரிசோதனையை மூன்று தரங்களாக வகுத்துள்ளது. கண்ணால் பார்த்தே போல்ட் தொலைந்திருப்பதைக் கண்டறிவது ஒன்று. ஏணி, ஸ்பேனர் கொண்டு அருகிலிருந்து தளர்ச்சியைக் கண்டறிவது அடுத்தது. மின்சாரத்தைத் துண்டித்து, உறையைத் திறந்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, முனையங்களின் முடுக்கத்தைச் சோதிப்பது மூன்றாவது. நிலையான கருவிகளுக்கு, நிபுணரின் அறிவுரை இல்லாமல், இரு பரிசோதனைகளுக்கு இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் விடக் கூடாது. கையில் எடுத்துச்செல்லும் கருவிகளுக்குப் பன்னிரண்டு மாதம். டார்ச் லைட்டின் பேட்டரி அறைபோல அடிக்கடி திறக்கப்படும் உறைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிவான பரிசோதனை. ஆனால் இவற்றைச் செய்ய வேண்டியவர் யார் என்பதில்தான் பல இடங்களில் கதை நின்றுவிடுகிறது. சார்ஜ்மேன், வயர்மேன் ஆகியோருக்கு மலேசிய எரிசக்தி ஆணையம் வழங்கும் தகுதிச் சான்று பொதுவான மின்வேலைக்கானது. வெடிப்புக் காப்புக்கெனத் தனிப் பயிற்சி பெறாத ஒருவர், பெட்டியைத் திறந்து துடைத்து மூடிய பிறகு அதன் தகுதி கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம்.

சட்டம் இப்பொறுப்பை முதலாளியிடமே வைத்துள்ளது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 சூன் 1 அன்று நீக்கப்பட்டு, அதே நாளில் நடப்புக்கு வந்த திருத்தங்களோடு 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விரிவான பொதுச்சட்டமாகியது. இடர் மதிப்பீடு செய்வது இப்போது முதலாளியின் வெளிப்படையான கடமை. மண்டல வரைபடம் இல்லாத உயிர்வாயு நிலையத்தில் அம்மதிப்பீட்டை எதைக்கொண்டு எழுதுவார்கள் என்பது நியாயமான கேள்வி.

மண்டல வரைபடத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்தியாவின் ஜெய்ப்பூர் காட்டியது. சீதாபுராவிலிருந்த இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முனையத்தில் 2009 அக்டோபர் 29 மாலை, குழாய் வழிப் பெட்ரோல் மாற்றத்துக்கான ஆயத்தத்தின்போது பெரும் கசிவு ஏற்பட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவி பரவி, பின் வெடித்ததில் பதினொருவர் இறந்தனர். தீப்பொறி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று ஆராய்ந்த எம். பி. லால் தலைமையிலான குழு, நிர்வாகக் கட்டடத்திலிருந்த காப்பற்ற மின்கருவியையோ வளாகத்தில் கிளப்பப்பட்ட வாகனத்தையோ சுட்டியது. நிர்வாகக் கட்டடம் எந்த மண்டலத்திலும் சேராதது. அங்கே சாதாரண மின்கருவி இருந்தது விதிமீறல் ஆகாது. பகுதி வகைப்பாடு வழக்கமான, எதிர்பார்க்கத்தக்க கசிவுகளுக்கானது. பேரழிவுக் கசிவை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆகவே வெடிப்புக் காப்புக் கருவி என்பது கடைசி அரண்; கசியவிடாமல் காப்பதும் கசிந்ததை உடனே அறிந்து அடைப்பதும்தான் முதல் அரண்கள்.

எஞ்சுவது பழுதுபார்ப்பு. காயில் எரிந்துபோன மோட்டாரைப் பட்டணத்துப் பட்டறைக்கு அனுப்பிக் காயில் கட்டிக்கொண்டு வருவது தோட்டத்தின் நெடுநாள் வழக்கம். சாதாரண மோட்டாருக்கு அதில் குற்றமில்லை. சுடரடக்கும் மோட்டாரிலோ, பட்டறைக்காரர் மூடியின் இணைப்புப் பரப்பைப் பளபளப்பாக்க உப்புத்தாள் தேய்த்ததும், தண்டைக் கடைசல் பிடித்ததும், வேறு தடிமனுள்ள கம்பியைச் சுற்றியதும் சுடர்ப்பாதையையும் வெப்பநிலை வகுப்பையும் ஒருசேர மாற்றிவிடக்கூடும். 60079 வரிசையின் 19ஆம் பகுதி இதற்கென வழிவகுத்துள்ளது: மூலச் சான்றிதழின் ஆவணங்களுக்கு ஏற்பவே பழுதுபார்க்கப்பட்டிருந்தால் சதுரத்துக்குள் ‘ஆர்’ என்ற எழுத்தும், ஆவணங்களோடு முழுதும் ஒத்துப்போகாவிட்டாலும் காப்புமுறையின் தரநிலைக்கு உட்பட்டிருந்தால் தலைகீழ் முக்கோணத்துக்குள் அதே எழுத்தும் கொண்ட தகட்டைப் பட்டறை பொருத்தும். இரண்டும் இயலாதெனில், மோட்டாரின் எக்ஸ் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். அதன்பின் அது சாதாரண மோட்டார். வாயுக் குழாயிலிருந்து வெகுதூரத்தில், ஆற்றோரத் தண்ணீர் பம்பில் இன்னும் பல ஆண்டுகள் ஓடலாம்.